வடக்கு ஜன்னல் எந்தப் பக்கம்?

இயற்கை வெளிச்சத்தில் போர்ட்ரெய்ட் எடுக்கக் கற்றுத்தரும் ஆன்லைன் வகுப்புகள் பலவற்றில், முதல் ஒன்றிரண்டு பாடங்களுக்குள் ஓர் அறிவுரை வந்துவிடும். வீட்டில் வடக்குப் பார்த்த ஜன்னலைக் கண்டுபிடியுங்கள், படத்துக்கு உட்காருபவரை அதன் அருகில் உட்காரவையுங்கள் என்பதுதான் அது. ஐரோப்பிய ஓவியர்கள் பல தலைமுறைகளாகக் கடைப்பிடித்த வழக்கம் இது. அந்த நாடுகளில் சூரியன் பெரும்பாலும் தெற்கு வானத்திலேயே நடமாடும். வடக்கு ஜன்னலில் நேர் வெயில் எட்டிப் பார்ப்பது குறைவு. வானத்தின் பொதுவான வெளிச்சம் மட்டும் மணிக்கணக்கில் சீராக உள்ளே வரும். ஓவியரின் தூரிகைக்கு உதவிய அந்த ஜன்னல் பிறகு கேமராவுக்கும் வாய்த்தது.

இதே பாடத்தைப் பவானியில் உட்கார்ந்து படிப்பவருக்கு என்ன ஆகும்?

காவிரியும் பவானியும் கூடும் இந்த ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ பதினொன்றரைப் பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 20 வாக்கில், அதாவது சித்திரை முதல் வாரத்தில், இங்கே சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. பிறகு அதைத் தாண்டி வடக்கே போய்விடுகிறது. மறுபடி உச்சிக்குத் திரும்புவது ஆகஸ்ட் 23 வாக்கில், ஆவணி முதல் வாரத்தில்தான். இடைப்பட்ட நான்கு மாதமும் காலையில் கிளம்பியது முதல் மாலையில் அடைவது வரை சூரியன் வடக்குப் பாதி வானத்தை விட்டுத் தெற்குப் பக்கம் வருவதே இல்லை. ஆனி மாதம் வீட்டின் தெற்குச் சுவரில் வெயில் படவே படாது. வடக்கு ஜன்னலிலோ காலையும் மாலையும் சாய்வாக வெயில் அடிக்கும்.

ஆனி மாதத்துக் காலை எட்டு மணி, பவானியில் ஓர் ஓட்டு வீடு என்று வைத்துக்கொள்வோம். கல்லூரியில் படிக்கும் பேத்தி முந்தின இரவு வகுப்பு பார்த்திருக்கிறாள். அம்மிச்சியை வடக்கு ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்காரவைத்திருக்கிறாள். கம்பியின் நிழல் அம்மிச்சியின் கன்னத்தில் கோடு கோடாக விழுகிறது. ஒரு பக்கம் வெளுத்துப் போய்த் தெரிகிறது, மறுபக்கம் இருட்டடிக்கிறது. மூக்குத்தி மட்டும் சுடர்விடுகிறது.

"ஏங் கண்ணு, வெயிலு மூஞ்சியிலேயே அடிக்குதே. அந்தப் பக்கமா உக்காந்துக்கட்டுமா?"

"இல்லீங்க அம்மிச்சி, வடக்கு ஜன்னல்லதான் நல்லா வரும்னு பாடத்துல சொல்லியிருக்காங்க."

அம்மிச்சி கைகாட்டிய பக்கம் தெற்கு. அந்த மாதத்தில் அந்த வீட்டில் சீரான, மென்மையான வெளிச்சம் கிடைக்கும் இடமும் அதுதான். ஆன்லைன் வகுப்பின் பலமும் பலவீனமும் இந்த ஒரு காட்சியில் சேர்ந்தே இருக்கின்றன. ஒரு ஜன்னலை வெளிச்ச மூலமாகப் பார்க்க வேண்டும் என்று பேத்திக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த வகுப்பு. எந்த ஜன்னல் என்பதை மட்டும் வேறோர் ஊரின் வானத்தை வைத்துச் சொல்லிவிட்டது.

முதலில் பலத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சிறியதல்ல. பிலிம் காலத்தில் எந்த ஊரிலும் படமெடுக்கக் கற்க இருந்த வழி ஸ்டுடியோவில் சேர்வதுதான். சேர்ந்த பையன் கடையைக் கூட்டுவான், கல்யாண வீட்டில் விளக்கைத் தூக்கிப் பிடிப்பான், டார்க் ரூமில் தண்ணீர் மாற்றுவான். கேமரா கைக்கு வர வருடக்கணக்கில் ஆகும். முதலாளி வெளிச்சத்தைப் பார்த்த மாத்திரத்தில் முடிவெடுப்பார், ஆனால் ஏன் என்று சொல்லமாட்டார். சொல்லத் தெரியாது என்பதும் உண்டு, கைக்குப் பழகிய வித்தைகள் பலவும் அப்படித்தான். அந்தக் கடைகளில் பெண் பிள்ளைகள் பயிற்சிக்குச் சேர்வது அரிதாக இருந்தது. முறையான கல்லூரிப் படிப்பு வேண்டுமென்றால் சென்னைக்கோ, உதகை லவ்டேலில் இருக்கும் லைட் அண்ட் லைஃப் அகாடமி போன்ற இடத்துக்கோ போய்த் தங்க வேண்டும். பவானியிலிருந்து கோவைக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர்.

இந்தத் தடைகள் அத்தனையையும் ஆன்லைன் வகுப்பு ஒரே தாவலில் கடந்துவிட்டது. அடுப்படி வேலை முடித்துவிட்டு இரவு பத்து மணிக்கு ஒரு பெண் அதைப் பார்க்கலாம். புரியாத இடத்தில் நிறுத்தி, ஓட்டி, மறுபடி பார்க்கலாம். 2020 ஏப்ரலில், ஊரடங்கின் முதல் மாதத்தில், அமெரிக்காவின் நிக்கான் பள்ளி தன் ஆன்லைன் வகுப்புகளை உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் கோர்செரா வழியாகப் புகைப்படங்களைப் பார்க்கக் கற்றுத்தருகிறது. முப்பது வருடங்களுக்கு முன்னால் கொங்கு நாட்டின் சிற்றூரில் இருந்த ஒரு போட்டோகிராபருக்கு இவை எட்டாக் கனி.

தமிழிலும் இதற்கு ஒரு முன்கதை உண்டு. 2007-லேயே 'தமிழில் புகைப்படக்கலை' என்ற கூட்டு முயற்சி, பிட் என்ற சுருக்கப் பெயரோடு இணையத்தில் தொடங்கியது. அப்பர்ச்சர், ஷட்டர், காம்போசிஷன் என்று எளிய தமிழில் பாடம் எழுதினார்கள். மாதந்தோறும் ஒரு தலைப்புக் கொடுத்துப் போட்டி வைத்தார்கள். காசு வாங்காமல் ஆர்வலர்கள் நடத்திய அந்த முயற்சிக்குள் ஒரு நல்ல வகுப்பின் கூறுகள் எல்லாம் இருந்தன. பாடம் இருந்தது, வீட்டுப்பாடம் இருந்தது, எடுத்துவந்த படத்தைப் பார்த்துச் சொல்லவும் ஆள் இருந்தது.

வகுப்புகள் ஆகச் சிறப்பாகச் சொல்லிக்கொடுப்பது வெளிச்சத்தின் இலக்கணத்தை. கண்ணுக்கு வெளிச்சம் என்றால் போதுமா போதாதா என்பது மட்டும்தான் தெரியும். அது எந்தத் திசையிலிருந்து வருகிறது, எவ்வளவு பெரிய பரப்பிலிருந்து வருகிறது, நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கிறதா புகைபோல் கரைகிறதா என்பதைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். இதற்கு வீடியோவைவிடச் சிறந்த ஊடகம் இல்லை. ஒரே முகத்தை ஜன்னலுக்கு இரண்டடி தூரத்தில் உட்காரவைத்து ஒரு படம், ஆறடி தள்ளி உட்காரவைத்து இன்னொரு படம். கிட்டத்தில் ஜன்னல் முகத்துக்குப் பெரிய விளக்காகிறது, வெளிச்சம் கன்னத்தைச் சுற்றி வளைகிறது, பின்சுவர் இருளில் தள்ளிப் போகிறது. தூரத்தில் அதே ஜன்னல் சிறிய விளக்கு. நிழல் இறுகுகிறது, பின்சுவரில் தொங்கும் காலண்டரும் முகத்துக்குப் போட்டியாக வந்து நிற்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டிவிட்டால் எழுத்தில் பத்துப் பக்கம் தேவைப்படுவது இரண்டு நிமிடத்தில் விளங்கிவிடும். கருவிழியில் ஜன்னலின் சதுரம் சிறு புள்ளியாக மின்ன வேண்டும், இல்லையென்றால் கண்ணில் உயிர் இருக்காது என்ற பாடத்தை ஒருமுறை கற்றவர் பிறகு எந்த முகத்தைப் பார்த்தாலும் முதலில் அந்தப் புள்ளியைத்தான் தேடுவார்.

ஆன்லைன் வகுப்புகளைக் குறைசொல்பவர்கள் வழக்கமாக எடுத்து வீசும் ஒரு புள்ளிவிவரம் உண்டு. எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் நடத்திய திறந்தநிலை வகுப்புகளை ஆராய்ந்து 2019-இல் சயன்ஸ் இதழில் வெளியான கட்டுரையின்படி, 2017-18-இல் சேர்ந்தவர்களில் வகுப்பை முடித்தவர்கள் 3.13 சதவீதம்தான். எண் அதிர்ச்சியளிக்கிறது, ஆனால் போர்ட்ரெய்ட் வகுப்புக்கு இதைப் பெரிய குற்றச்சாட்டாகக் கொள்ளத் தேவையில்லை. இருபது பாடத்தில் நான்கைப் பார்த்துவிட்டுக் கேமராவோடு வெளியே போய்விட்டவர், இருபதையும் கட்டிலில் படுத்தபடி பார்த்து முடித்தவரைவிட அதிகம் கற்றிருப்பார். குறை வேறு இடங்களில் இருக்கிறது.

வானத்தில் தொடங்குவோம். லண்டனில் ஆண்டின் எந்த நாளிலும் சூரியன் 62 பாகைக்கு மேல் ஏறாது. கிரியேட்டிவ் லைவ் போன்ற பெரிய வகுப்பு நிறுவனம் பிறந்த சியாட்டலில் 66 பாகை. பவானியில் ஆண்டிலேயே சூரியன் தாழ்ந்திருக்கும் மார்கழி உச்சி வேளையில்கூட அது 55 பாகை உயரத்தில் நிற்கிறது. ஆங்கிலேயரின் கடும் கோடைக்கும் நம்முடைய மார்கழிக்கும் உச்சி வெயிலில் பெரிய வித்தியாசம் இல்லை. நம் சித்திரை வெயில் என்பது அவர்கள் பாடப் புத்தகத்திலேயே இல்லாத வெளிச்சம். அது தலைக்கு நேர் மேலே நின்று அடிக்கும். புருவத்துக்குக் கீழே இரண்டு குழி, மூக்குக்குக் கீழே மீசைபோல் ஒரு நிழல், தாடைக்குக் கீழே கும்மிருட்டு. அங்கே படம்பிடித்த பாடத்தில் மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒரு மரத்தடியைக் காட்டி, பாருங்கள் எவ்வளவு அழகான நிழல் என்று சொன்னால், அது அங்கே உண்மை. இங்கே அந்த மரத்தடியில் இலைகளுக்கு நடுவே ஒழுகும் வெயில் முகத்தில் வெள்ளைத் தேமலாக விழும்.

கோல்டன் ஹவர் என்ற சொல்லும் இப்படித்தான். சூரியன் அடிவானத்துக்கு மேல் ஆறு பாகைக்குள் இருக்கும் நேரம் என்று அதைப் பொதுவாக வரையறுப்பார்கள். நம் ஊரில் சூரியன் செங்குத்தாக இறங்குகிறது, அந்த ஆறு பாகையைக் கடக்க அதற்கு 25 நிமிடம்தான் ஆகும். லண்டனில் ஜூன் மாதம் அது சாய்ந்து சாய்ந்து இறங்க முக்கால் மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொள்கிறது. மூன்று உடை மாற்றுங்கள், இரண்டு இடங்களை முயலுங்கள் என்று வகுப்பில் சொல்லும் ஆசிரியர் அந்த நீண்ட மாலையை மனத்தில் வைத்துப் பேசுகிறார். காலிங்கராயன் வாய்க்கால் கரையில் அந்த அட்டவணையோடு நிற்பவருக்கு முதல் உடையோடு பொழுது சாய்ந்துவிடும். கடிகாரமும் ஏமாற்றும். இந்தியாவின் பொது நேரம் பவானிக்குக் கிழக்கே உள்ள தீர்க்கரேகையில் கணிக்கப்படுவதால் இங்கே உச்சிப்பொழுது சராசரியாக 12.19-க்குத்தான் வருகிறது. இந்தச் சின்னக் கணக்குகளை வகுப்பு சொல்லாது. அந்த ஊரிலேயே வெயிலைப் பார்த்துப் பழகியவர் சொல்லாமலே செய்வார்.

அடுத்தது நிறம். இங்கே குறை சின்னதல்ல.

கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயலும். அதைத் திருத்திக்கொள்ளக் கற்றுத்தருவதுதான் எக்ஸ்போஷர் பாடம். ஆன்சல் ஆடம்ஸ் வகுத்த மண்டல முறையில் வெள்ளையர் முகம் நடுச்சாம்பலுக்கு ஒரு படி மேலே, ஆறாம் மண்டலத்தில் வைக்கப்பட்டது. அந்தப் பழக்கம் பாடத்துக்குப் பாடம் தொடர்ந்து, முகத்தில் மீட்டர் பார்த்தால் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள் என்ற வாய்ப்பாடாக இன்றும் வகுப்புகளில் வருகிறது. நம் ஊர் மாநிற முகத்துக்கும் கறுத்த முகத்துக்கும் அது பொருந்தாது. ஒரு ஸ்டாப் கூட்டினால் மாநிறம் சாயம் போன துணிபோல் வெளிறும், வெள்ளை வேட்டியில் மடிப்பே தெரியாது. இது தற்செயலாக வந்த குறையும் அல்ல. கோடக் நிறுவனம் பிரிண்ட் போடும் கடைகளுக்கு அனுப்பிய அளவுகோல் அட்டையில் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் மட்டுமே இருந்தது. ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். பல நிறத்தவரும் இருக்கும் அட்டை 1990-களில்தான் வந்தது. கனடாவின் ஆய்வாளர் லோர்னா ராத் 2009-இல் இதை விரிவாக எழுதினார். செல்போன் நிறுவனங்கள் இந்தக் கணக்கைத் திருத்தத் தொடங்கியது அதற்கும் பிறகு. கூகுளின் ரியல் டோன் 2021-இல் வந்தது.

தொழில்நுட்பம் திருந்துகிறது, ஆனால் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் திருந்துவதாகத் தெரியவில்லை. எடிட்டிங் பாடத்தில் முகத்தை வழவழப்பாக்கி வெளுப்பாக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டு வரும் மாணவர், கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணின் நிறத்தையே மாற்றிவிடுகிறார். வெளுப்பே அழகு என்று ஏற்கெனவே நம்பும் ஊரில் அது விலைபோகவும் செய்கிறது. ஒரு கறுத்த முகத்தின் மேல் ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது கன்ன எலும்பிலும் நெற்றியிலும் எண்ணெய் தடவிய கல் சிற்பத்தின் மினுக்கு எழும். வெள்ளைத் தோலில் அது அவ்வளவு எடுப்பாகத் தெரியாது. கறுத்த முகத்துக்கு வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும் என்பதைவிட, அந்த மினுக்கு எந்தக் கோணத்தில் எழுகிறது என்பதுதான் நமக்கு வேண்டிய பாடம். அதைத் தனிப் பாடமாக வைத்த வகுப்புகள் மிகக் குறைவு.

நிறத்தோடு சேர்ந்து வரும் இன்னொரு சிக்கல் பவானிக்கே உரியது. 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளத்தில் சிவப்பு, நீலம், பச்சை என்று பட்டை பட்டையாக அழுத்தமான நிறங்கள். வாசலில் ஜமக்காளத்தை விரித்து அதன்மேல் தாத்தாவை உட்காரவைத்துப் படமெடுப்பது பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் சிவப்புப் பட்டையில் வெயில் பட்டால் அந்தச் சிவப்பு எகிறித் தாடைக்கும் கழுத்துக்கும் ஏறும். நேரில் பார்க்கும் கண் அதைத் தானாகவே திருத்திக்கொள்கிறது, கேமரா திருத்தாது. வகுப்புகளில் புல்தரையின் பச்சை முகத்தில் ஏறுவதைப் பற்றிச் சொல்வார்கள். புல்தரைக்குப் பதில் ஜமக்காளம், மஞ்சள் சுண்ணாம்பு அடித்த சுவர், நீலத் தார்ப்பாய் என்று மாற்றிப்போட்டுப் படிக்கத் தெரிந்த மாணவர் தப்பிப்பார். தாத்தாவின் மடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துவிட்டால் பாதிச் சிவப்பு அடங்கிவிடும். அந்தத் துண்டு ரிஃப்ளெக்டராகவும் வேலை செய்யும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறர் வகுப்பில் கடன் வாங்கும் நம்மிடம் நமக்கே உரிய வெளிச்சக் கூடங்கள் உண்டு. கொங்கு நாட்டின் தொட்டிக்கட்டு வீட்டில் நடுவே திறந்த வாசல், சுற்றிலும் தாழ்வாரம். மேலிருந்து இறங்கும் வான வெளிச்சம் நான்கு சுவரிலும் பட்டுத் தெறித்து, தாழ்வாரத்தில் இருப்பவர் முகத்துக்கு மெத்தென்று வந்து சேரும். இப்படிப்பட்ட முற்ற வெளிச்சத்தின் அருமையை இந்திய சினிமா எப்போதோ புரிந்துகொண்டது. 1956-இல் வந்த சத்யஜித் ராயின் அபராஜிதோவில் காசி வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவில் செட் போட்டார்கள். அதே வெளிச்சம் வேண்டும் என்று ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் தெறிக்கவிட்டார். தமிழில் பாலு மகேந்திரா கிடைத்த வெளிச்சத்தையே நம்பி வேலை செய்தவர். 1988-இல் வந்த 'வீடு' படத்தில் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதரின் முகம் வரும் இடங்களில் நிறுத்திப் பாருங்கள். சுருக்கங்களில் விழும் பகல் வெளிச்சம், வயதான முகத்தை எப்படிப் படமெடுப்பது என்பதற்கு ஒரு முழுப் பாடம். நிழல் பக்கக் கன்னத்தில் விழும் ரெம்ப்ராண்ட் முக்கோண வெளிச்சத்தை ஆன்லைன் வகுப்பில் கற்ற தமிழ் மாணவர் அதற்குப் பக்கத்திலேயே வைத்துப் படிக்க வேண்டிய படம் இது.

ஜமக்காளத் தறிக்கூடமும் அப்படி ஒரு கூடம்தான். குழித்தறியில் நெசவாளியின் கால்கள் குழிக்குள், இடுப்புக்கு நேராகத் தரை. நிற்பவருக்கு மார்பளவில் இருக்கும் ஜன்னல் அவருக்குத் தலைக்கு மேலே போய்விடுகிறது. வெளிச்சம் மேலிருந்து சரிவாக இறங்கி நெற்றியில் பட்டு, கண்ணைத் தொடாமல், நேரே நூலில் விழுகிறது. கண்ணில் புள்ளி மின்ன வேண்டும் என்ற வகுப்புப் பாடத்தை அங்கே நிறைவேற்ற வேண்டுமானால் அவரை நிமிரச் சொல்ல வேண்டும். நிமிர்ந்தால் நெசவு நின்றுபோகும். நல்ல போர்ட்ரெய்ட்காரர் காத்திருப்பார். நூல் அறுந்து முடிச்சுப் போட்டுவிட்டு நெசவாளி தாமாக நிமிரும் கணத்தில் வெளிச்சமும் கண்ணும் ஒன்றுசேரும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை வீடியோவில் காட்ட முடியாது, வெட்டிவிடுவார்கள்.

அதிலிருந்து இன்னும் பெரிய குறைக்கு வர வேண்டும். போர்ட்ரெய்ட்டில் பாதி வெளிச்சம், மீதிப் பாதி மனிதர். வகுப்புகளில் எதிரே உட்காருபவர் பெரும்பாலும் காசு வாங்கும் மாடல். தலையைத் திருப்பு என்றால் திருப்புவார், சிரி என்றால் சிரிப்பார். கேமரா முன் விறைத்து நிற்கும் விவசாயியை, புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு 'என்னைய எதுக்கு எடுக்கறீங்க' என்று கேட்கும் பாட்டியை அந்தப் பாடம் கண்டதில்லை. அவர்களோடு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்பதுதான் அங்கே முதல் பாடமாக இருந்திருக்க வேண்டும்.

இயற்கை வெளிச்சப் போர்ட்ரெய்ட்டுக்கு எடுத்துக்காட்டாக உலகம் முழுக்கக் காட்டப்படும் படம் ஸ்டீவ் மெக்கரி 1984-இல் பாகிஸ்தான் அகதி முகாமில் எடுத்த ஆப்கான் சிறுமி. வெளிச்சம், நிறம், பார்வை என்று எதிலும் குறை சொல்ல முடியாது. 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாக்ரபிக் அட்டையில் வந்த அந்தப் பெண்ணின் பெயர் ஷர்பத் குலா என்று உலகுக்குத் தெரிந்தது 2002-இல். பதினேழு வருடம் உலகமே பார்த்த முகத்துக்குப் பெயரில்லாமல் இருந்தது. அதற்கும் நூறாண்டுக்கு முன் ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, 48 வயதில் கையில் கேமரா எடுத்துத் தானாகவே கற்றுக்கொண்டார். கோழிக்கூண்டாக இருந்த கண்ணாடிக் கொட்டகையை ஸ்டுடியோவாக்கிப் பகல் வெளிச்சத்தில் அறிஞர்களையும் கவிஞர்களையும் படமெடுத்தவர் அவர். 1875-இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, அங்கே ஊர் மக்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் எடுத்தார். டென்னிசனும் டார்வினும் பெயரோடு நிற்க, இலங்கை முகங்கள் பெரும்பாலும் பெயரில்லாமல் நிற்கின்றன. எதிரே இருப்பவரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வது அந்நாளிலும் கற்பிக்கப்படவில்லை, இன்றும் பல பாடத்திட்டங்களில் இல்லை.

பவானியில் ஆறுகள் சேரும் கூடுதுறைப் படிக்கட்டில் இது சோதனைக்கு வருகிறது. விடியற்காலை ஆற்றின்மேல் வெளிச்சம் தரையோடு தரையாக வரும்போது அந்த இடத்தைவிடப் படத்துக்கு ஏற்ற இடம் கிடையாது. அதே படிக்கட்டில்தான் தகப்பனை இழந்தவர் மொட்டையடித்து ஈரத் துணியோடு திதி கொடுத்துக்கொண்டிருப்பார். தெருவில் தெரியாதவர்களைத் துணிந்து எடுங்கள் என்ற பாடத்தைக் கேட்டுவிட்டு வருபவர் அந்த முகத்தில் லென்ஸைத் திருப்புகிறார். அந்த நேரத்தில் அனுமதி கேட்பதும் தொந்தரவுதான், கேட்காமல் எடுப்பதோ அவமதிப்பு. எடுக்காமல் கேமராவைத் தோளில் தொங்கவிடுவது ஒன்றே சரி.

இதற்கு நேர்மாறான பள்ளியும் தமிழ்நாட்டில் உண்டு. மதுரை வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன் தானாகக் கற்ற புகைப்படக்காரர். ஊரடங்கில் சொந்த வீட்டுக்குத் திரும்பித் தன் குடும்பத்தாரையே படமெடுத்தார். அது நான் ஒரு மீனைப்போல் உணர்கிறேன் என்று பொருள்படும் தலைப்பில் உலகக் கவனம் பெற்ற தொகுப்பானது. மீன் விற்கும் தன் தாயைப் படமெடுத்த எம். பழனிக்குமார், தூய்மைப் பணியாளர்களின் வாழ்வைப் பல ஆண்டுகளாகப் பதிவுசெய்து வருபவர். 2022-இல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது பெற்றார். மீனவர் பிள்ளைகளையும் தூய்மைப் பணியாளர் பிள்ளைகளையும் நேரில் உட்காரவைத்து அவர் கேமரா கற்றுக்கொடுக்கிறார். பிள்ளைகள் எடுத்துவரும் படத்தில் இருப்பவர்கள் அவர்களுடைய அப்பா, அம்மா, பக்கத்து வீட்டு அக்கா. பெயர் தெரியாத முகம் ஒன்றுகூட இருக்க வாய்ப்பில்லை.

தீர்ப்பு என்று கேட்டால் இப்படிச் சொல்லலாம். வெளிச்சத்தின் இலக்கணத்துக்கு ஆன்லைன் வகுப்பைப் போல மலிவான, பொறுமையான ஆசிரியர் வேறு இல்லை. அதைக் கற்காமல் இருப்பது நட்டம். ஆனால் அதன் நேர அட்டவணையையும், திசைக் குறிப்பையும், தோல் நிறக் கணக்கையும் அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது. எடுத்த படத்தைப் பார்த்துக் குறை சொல்ல ஆள் இல்லாத வகுப்புக்குப் பெரும் பணம் கட்டவும் கூடாது. நாலு பேர் சேர்ந்து மாதம் ஒருமுறை படங்களைப் பரப்பிவைத்துப் பேசுவது அதைவிடப் பயனுள்ளது.

நமக்கென்று ஒரு பாடத்திட்டம் எழுத வேண்டிய வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. அதற்கான மூலப்பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடி, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் டிஜிட்டலாக்கியிருக்கிறார்கள். மின்விளக்கு வராத காலத்து ஸ்டுடியோக்கள் கண்ணாடிக் கூரையையும் துணித் திரையையும் வைத்து நம் வெயிலைப் பழக்கியவை. எந்த மாதம் எந்தத் திரையை இழுக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் அவற்றை நடத்தினார்கள். அந்த அறிவு எழுதப்படவில்லை. பிலிம் காலத்தைக் கண்ட ஸ்டுடியோக்காரர்கள் ஈரோடு, கோபி, பவானி, குமாரபாளையம் என்று நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். வகுப்புக்குப் பணம் கட்டும் முன் அவர்களில் ஒருவரிடம் ஒரு பிற்பகல் போய் உட்காருங்கள், அவர் சொல்வதைப் போனில் பதிவுசெய்யுங்கள். அவருடைய பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, அவர் கடையிலேயே அவருக்குப் பிடித்த வெளிச்சத்தில் அவரை ஒரு படம் எடுங்கள்.